விலாசம் எழுதிய பக்கம்

17, 2ஆம் கிராஸ், ஜீவனஹள்ளி,
பெங்களூர்
8 ஜனவரி 2001

அன்புள்ள சௌம்யா அக்காவுக்கு,

சிந்து எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதாகியும் ஒரு மாத்திரை கூடத் தேவைப்படவில்லையே என்று போன வாரம் டாக்டரே ஆச்சரியப்பட்டார். டெல்லிக் குளிர் எப்படி இருக்கிறது? அம்மா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறீர்களா, அது பெட்டியிலேயே தூங்குகிறதா என்று கேட்கச் சொன்னாள்.

அலுவலக மின்னஞ்சலைப் பெரியவர்கள் பார்ப்பார்கள் என்று நீங்கள் சொன்னதால் தபாலிலேயே எழுதுகிறேன். எனக்கும் இதுதான் பிடிக்கும். நீங்கள் சட்டம் படித்த ஐந்து வருடமும் படுத்திருந்த கட்டில் இப்போது எனக்கு வந்துவிட்டது. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அப்பா தொழிற்சாலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்து இந்தப் பொங்கலோடு ஒரு வருடம் ஆகிறது. ஆறு கம்ப்யூட்டர்களிலும் காலையும் மாலையும் ஆள் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் நான்தான் சின்னப் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லித்தரப் போகிறேன்.

உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கம்ப்யூட்டருக்கென்று அக்டோபரில் ஒரு புதுச் சட்டம் வந்திருப்பதாகப் பேப்பரில் படித்தேன். அதே பக்கத்தில் பெரிய சாப்ட்வேர் கம்பெனிகள் சேர்ந்து ஒரு விளம்பரம் கொடுத்திருந்தன. ஒரு கைவிலங்கின் படம். அதன் கீழே, 'உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அசலா?' என்ற கேள்வி. அதை வெட்டி எடுத்து அப்பாவிடம் காட்டி, நம்முடையது அசலா என்று கேட்டேன். அப்பா அந்தத் துண்டை வாங்கி, நான்காக மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

முனிராஜ் அங்கிள்தான் சொன்னார். நம் கம்ப்யூட்டர்கள் ஆறையும் உதிரியாக வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தவர் அவர்தானே. உள்ளே போட்ட ப்ரோகிராம்கள் எல்லாம் அவர் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கும் சி.டி.க்களிலிருந்து வந்தவையாம். அப்படியானால் திருட்டா என்று கேட்டேன்.

"பாப்பா, உன் தட்டுல இருக்கிற இட்லிய நான் எடுத்துத் தின்னா அது திருட்டு. உன் இட்லி அப்படியே இருக்குது, அதப் பாத்து என் தட்டுலயும் ஒண்ணு வந்துடுச்சின்னா? எந்த ஸ்டேஷன்ல கேஸ் எழுதுவான்?" என்றார்.

என் வகுப்பில் படிக்கும் அவர் மகள் ஸ்னேஹா பக்கத்தில் இருந்தாள். "அப்ப மாவு அரைச்சவங்களுக்கு?" என்று கேட்டாள். "உங்கம்மாவுக்கு நான் என்னிக்குடி கூலி குடுத்தேன்" என்று அங்கிள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஸ்னேஹா கேட்டதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் ஒரு ப்ரோகிராமின் அசல் விலை பாதிக் கம்ப்யூட்டர் விலைக்கு மேலே இருக்கிறது. ஆறுக்கும் வாங்கினால் அப்பா சென்டரையே மூட வேண்டியதுதான். நீங்கள் வக்கீல். இது திருட்டா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
சிந்து


புது டெல்லி
17 ஜனவரி 2001

அன்புள்ள சிந்துவுக்கு,

சௌம்யா அக்கா ஆசிகளுடன் எழுதுவது. பொங்கலுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. எனக்கு அதுவே பொங்கல். ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை என்று சித்தியிடம் சொல். குளித்தால்தானே கழற்றுவதற்கு!

உன் கேள்வி நல்ல கேள்வி. நீ படித்த புதுச் சட்டம் வேறு விஷயங்களுக்கு. இதற்குப் பதில் பழைய பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு ப்ரோகிராமைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அபராதம் தனி. தொழிலுக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் நீதிபதி இரக்கம் காட்டலாம். 'தெரிந்தே' என்பதுதான் இதில் உயிர். அதை நிரூபிக்கத்தான் எங்களைப் போன்றவர்கள் அலைவது.

நியாயம் கேட்கிறாயா? மாவு அரைத்தவர்களுக்குக் கூலி வேண்டும். அதே நேரம், வேறொரு நாட்டுச் சட்டைப்பைக்கு வைத்த விலையை ஜீவனஹள்ளியிலும் கேட்பது நியாயமில்லை. இரண்டாவதை நான் இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாது. இந்த அலுவலகத்தில் எனக்குக் கடைசி நாற்காலி. வருகிற தபாலுக்குக் குமாஸ்தா எண் போட்டுத் தருவார், நான் படித்துச் சுருக்கம் எழுதிச் சீனியரிடம் வைக்க வேண்டும். எந்தக் கம்பெனிகளுக்காக வேலை செய்கிறோம் என்பதை வெளியில் சொல்லக் கூடாது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் பேசிப் பயமுறுத்தாதே. ஐந்து வருடம் மழையோ வெயிலோ என்னைக் கல்லூரி வாசலில் ஸ்கூட்டரில் இறக்கிவிட்ட மனிதர். முனிராஜ் அங்கிளையும் விசாரித்ததாகச் சொல். டெல்லிக்கு நான் ரயிலேறிய அன்று என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பிளாட்பாரம் முழுக்க ஓடி வந்தாரே, மறக்க முடியுமா?

நன்றாகப் படி.

அன்புடன்,
சௌம்யா


17, 2ஆம் கிராஸ், ஜீவனஹள்ளி,
பெங்களூர்
29 ஜனவரி 2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? குஜராத் பூகம்பம் டெல்லியிலும் உணரப்பட்டதாகச் செய்தியில் சொன்னதிலிருந்து அம்மா உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறாள். உடனே இரண்டு வரி எழுதுங்கள். இங்கே எல்லோரும் நலம்.

அக்கா, நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அந்த விளம்பரத்தின் அடியில், சந்தேகம் உள்ளவர்கள் எழுதலாம், தக்க வழி சொல்லப்படும் என்று போட்டு, டெல்லியில் ஒரு தபால் பெட்டி எண் கொடுத்திருந்தார்கள். அப்பா குளிக்கப் போனபோது கண்ணாடிக் கூட்டிலிருந்து அதை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். பிறகு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். மூன்று தடவை வரைவு எழுதி, நான்காவது தடவை ஊதா மையில் நல்ல பிரதி எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் பள்ளியில் சொல்லித்தந்த முறைப்படி. பெயரும் விலாசமும் இல்லாமல் எழுதினால் அது மொட்டைக் கடிதம், அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று எங்கள் ஆங்கில மிஸ் சொல்வார். அதனால் இரண்டையும் தெளிவாக எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அவர்களிடமிருந்து பதில் வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் காட்டுவேன். அப்பாவுக்கும் அங்கிளுக்கும் கூடத் தெரியாது. நல்லது நடக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கை,
சிந்து


17, 2ஆம் கிராஸ், ஜீவனஹள்ளி,
பெங்களூர்
20 பிப்ரவரி 2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? மூன்று வாரமாக உங்கள் கடிதம் இல்லை. அந்தக் கம்பெனிக்காரர்களிடமிருந்தும் பதில் இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடுகிறேன். முதலில் அது ஆசையாக இருந்தது. இப்போது என்னவென்று தெரியவில்லை.

சனிக்கிழமை ஒன்று நடந்தது. காலையில் கையில் பெரிய காகிதக் கட்டோடு ஒருவர் தெருவில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார். சென்டர் ஜன்னலிலிருந்து பார்த்த அப்பா ஒன்றும் பேசாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் போய்விட்டது என்று மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார். அம்மா அங்கிள் கொடுத்த சி.டி.க்களை அரிசி டிரம்மில் புதைத்தாள். வந்தவர் எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் சேஷகிரி சார்! மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்திருக்கிறார். வீட்டில் எத்தனை பேர், தாய்மொழி என்ன என்று கேட்டு எழுதினார். தெருவெல்லாம் கரண்ட் இருக்குதே, உங்களுக்கு மட்டும் பவர் கட்டா என்றும் கேட்டார். அப்பா சிரிக்கப் பார்த்தார். அப்படி ஒரு சிரிப்பை அப்பா முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு இருப்பது வருத்தம் மட்டும் இல்லை, பயமும்தான். நீங்கள் எழுதிய 'தெரிந்தே' அப்பாவுக்கும் பொருந்தும். அந்த விளம்பரத்தை ஏன் கண்ணாடிக் கூட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்பதும் புரிந்தது.

நான் எழுதியது தவறா அக்கா? தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.

சிந்து


27 பிப்ரவரி 2001

சிந்து,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. வேலை அதிகம்.

நீ எழுதியதை யாரிடமும் சொல்லாதே. ஸ்னேஹாவிடம் கூடச் சொல்லாதே. வரைவுகள் இருந்தால் கிழித்துவிடு. என் கடிதங்களையும் வைத்துக்கொள்ளாதே. இனி எனக்கு எழுதும்போது மேலேயோ உறையின் பின்னாலோ உங்கள் விலாசத்தை எழுத வேண்டாம்.

சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. பரீட்சைக்குப் படி.

சௌம்யா


8 மார்ச் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

வரைவுகளைக் கிழித்துவிட்டேன். உங்கள் கடிதங்களைக் கிழிக்க மனம் வரவில்லை. இந்தத் தடவை நீங்கள் அம்மாவை விசாரிக்கவில்லை. அம்மா கேட்டாள், விசாரித்ததாகச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

வாசலில் ஆட்டோ நின்றால் அப்பா எழுந்து நின்றுவிடுகிறார். ஷட்டரைப் பாதிதான் திறக்கிறார். மாணவர்கள் குனிந்து வருகிறார்கள், குனிந்து போகிறார்கள். எதற்கு இவ்வளவு பயப்படுகிறார், யார் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று அங்கிள் கிண்டல் செய்கிறார். அவர் அதைச் சொன்னபோது நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன்.

ஒன்றும் ஆகாது என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறீர்கள்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

சிந்து


22 மார்ச் 2001

அக்காவுக்கு,

அவர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அல்ல.

செவ்வாய்க்கிழமை அறிவியல் பரீட்சை எழுதிவிட்டு மதியம் நானும் ஸ்னேஹாவும் வந்துகொண்டிருந்தோம். மூன்றாவது கிராஸில் அங்கிள் கடை முன்னால் ஜீப் நின்றது. சீருடையில் ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள். டை கட்டிய ஒருவர் டெல்லியிலிருந்து வந்தவராம். அவர் அங்கிளின் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்னேஹா என் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நான் எதிரே தையல்கடைப் படியில் நின்றுவிட்டேன்.

சோதனை போட்டால் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் கூட இருந்து பார்த்து, கைப்பற்றியதை எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். கான்ஸ்டபிள் கூட்டத்தைப் பார்த்து, கன்னடமும் தமிழுமாக, "சாட்சி பேக்கு, சாட்சி வேணும், யாராவது வாங்க" என்றார். ஆட்கள் பின்னால் நகர்ந்தார்கள். விஷயம் தெரியாமல் ஓடி வந்த அப்பா முன்னால் நின்றுகொண்டிருந்தார். யாரோ, இவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், இவருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள்.

"தெரிஞ்ச மனுஷரே கிடைச்சிட்டார். வாங்க சார், உள்ள வாங்க" என்று இன்ஸ்பெக்டர் அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னொரு சாட்சி தையல்கடைக்காரர் பச்சைமுத்து.

அக்கா, அந்தப் பிஸ்கட் டின்னை அப்பாதான் மேசைமேல் கவிழ்த்து எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று சி.டி.க்கள். அவற்றில் எவையெல்லாம் நம் ஆறு கம்ப்யூட்டர்களிலும் இருக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியும், அங்கிளுக்குத் தெரியும், எதிர்ப்படியில் நின்ற எனக்கும் தெரியும். ஒவ்வொரு தாளிலும் "சைன் மாடி சார்" என்று இன்ஸ்பெக்டர் காட்டக் காட்ட அப்பா கையெழுத்துப் போட்டார். மூன்றாவது தாளில் பேனா கீழே விழுந்துவிட்டது.

"என்ன சார், கை இப்படி ஆடுது? நீங்க சாட்சிதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தரையில் உட்கார வைத்திருந்த அங்கிள்தான் தலையைத் தூக்கினார். "அவருக்கு சுகர் சார். இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாரு. ஒரு டீ சொல்லுங்க சார், பாவம்" என்றார்.

அப்பாவுக்குச் சர்க்கரை கிடையாது. டீ வந்தது. அப்பா குடித்தார்.

யார் யாருக்குப் போட்டுக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். பஜாரில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் போட்டேன், பெயர் எழுதி வைக்கிற பழக்கம் இல்லை என்று அங்கிள் சொன்னார். ஜீப்பில் ஏற்றும்போது கூட அப்பா பக்கம் அவர் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து இன்றுதான் ஜாமீனில் வந்தார். கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டரின் கோப்பில் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அங்கிளிடம் "மொட்டைக் கடிதம் வந்திருக்கு உன் மேல" என்றார். தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. ஊதா மை. நான் பெயர் எழுதியிருந்தேன் அக்கா. அது மொட்டைக் கடிதம் இல்லை.

அதில் அங்கிளைப் பற்றி எழுதியவள் நான்தான். எதற்காக எழுதினேன் என்பதைச் சொல்ல இப்போது எனக்குக் கை வரவில்லை. நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்களா?

சிந்து


30 மார்ச் 2001

அன்புள்ள சிந்துக் கண்ணுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? சித்தியைப் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொல்.

உங்கள் வீட்டுக்கு வர மாட்டார்கள். இதை நீ நம்ப வேண்டும். முனிராஜ் அங்கிளுக்கு நல்ல வக்கீலாகப் பார்த்து, என்னோடு படித்து இப்போது அல்சூரில் இருக்கும் ஒருவரின் விலாசத்தை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என் பெயரைச் சொல்லாமல் எப்படியாவது ஸ்னேஹாவிடம் சேர்த்துவிடு.

நீ எதையும் நினைத்து உன்னைத் தண்டித்துக்கொள்ளாதே. கம்பெனி ஏஜென்சியை அவருக்குக் கொடுத்தால் குறைந்த விலையில் இந்தத் தெருவுக்கே அசலைப் போட்டுவிடுவார் என்று ஒரு குழந்தை எழுதினால், அதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது? படித்தவர்கள் அதை அப்படிப் பயன்படுத்தினால் அது அவர்கள் பாவம்.

சித்தப்பாவை நினைத்துப் பயப்படாதே.

அன்புடன்,
அக்கா


6 ஏப்ரல் 2001

அக்காவுக்கு,

வக்கீல் விலாசத்தை ஸ்னேஹாவின் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

அங்கிளுக்கு ஏஜென்சி கேட்டு எழுதியதை நான் உங்களிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. என் கடிதங்களில் அந்த வார்த்தையே இல்லை.

அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

சிந்து


புது டெல்லி
2 மே 2001

சிந்துவுக்கு,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஒரு மாதம் ஆகப் போகிறது.

அந்தத் தபால் பெட்டி எங்கள் அலுவலகத்துடையது. பிப்ரவரி ஐந்தாம் தேதி காலையில் வந்த பதினோரு கடிதங்களில் உன்னுடையது ஒன்று. உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது என் மேசைக்கு வருமுன் குமாஸ்தா பதிவேட்டில் ஏற்றிவிட்டார்: 'பெங்களூர், ஒன்று'. பெங்களூரிலிருந்து ஏதாவது ஒரு தாள் கோப்பில் இருந்தாக வேண்டும். சீனியர் பதினோரு மணிக்கு வந்துவிடுவார். எனக்கு இருபது நிமிடம் இருந்தது.

இரண்டு தாள். முதல் தாளில் சித்தப்பாவின் விலாசம், ஆறு கம்ப்யூட்டர்கள், கூடவே, 'இது தவறு என்று என் அப்பாவுக்குத் தெரியும், அதனால் வருத்தமாக இருக்கிறார்' என்ற உன் வரி. சிந்து, அந்த ஒரு வரி போதும். வேறு எதையும் யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. இரண்டாம் தாளில் முனிராஜ் அங்கிள் மட்டும் இருந்தார். அடியில் உன் பெயர்.

முதல் தாளை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதின் அடியை ஸ்கேல் வைத்துக் கிழித்தேன். மீதியைக் கோப்பில் வைத்துச் சுருக்கமும் எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதினேன். சீனியர் பாராட்டினார்.

என் பெட்டியைத் தலையில் சுமந்தவர் என்பது அந்த இருபது நிமிடத்தில் எனக்கு நினைவு வராமல் இல்லை. ஸ்கூட்டரும் நினைவு வந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அந்தத் தாளையும் துண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். இங்கே அவற்றை வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை, கிழித்துப்போடவும் முடியவில்லை. தெரிந்தால் என் வேலை மட்டும் போகாது. நீ எரித்துவிடு. எரித்துவிட்டு இரண்டு வரி எழுது.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் என் வணக்கம்.

சௌம்யா


இரா. சிந்து,
த/பெ. இராஜமாணிக்கம்,
17, 2ஆம் கிராஸ், ஜீவனஹள்ளி,
பெங்களூர்
13 மே 2001

அன்புள்ள சௌம்யா அக்காவுக்கு,

அம்மாவும் அப்பாவும் உடம்புக்கு நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்தத் தடவை விலாசத்தை முழுவதுமாக எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

நான் எரிக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனது உண்மை. நான்கு நாள் அட்லஸுக்குள் வைத்திருந்தேன். அந்த நான்கு நாளும் யார் வீட்டுக்கு வந்தாலும் அட்லஸ் இருக்கும் அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏதோ கோபத்தில்தான் ஸ்னேஹா என்னோடு பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பால் பூத்தில் அவளே சொன்னாள். அவள் அப்பாதான் எங்கள் வீட்டுப் பக்கம் போகாதே என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் அவர்களைக் கவனித்துக்கொண்டிருக்கும், போக்குவரத்து வைத்தால் மாணிக்கம் சாரையும் கவனிக்க ஆரம்பிக்கும் என்றாராம்.

நேற்றுக் காலையில் அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். 'என் அப்பாவுக்குத் தெரியும்' என்ற இடத்தில் விரலை வைத்து, "எனக்குத் தெரியும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். கண்ணாடிக் கூட்டைக் காட்டினேன். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு சட்டையை மாட்டி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அங்கிளிடம் போய்க் காட்டப் போவதாகச் சொன்னார். அம்மா வாசலை மறித்தாள். "ஒருத்தர் உள்ள போனது போதாதா? அவங்க கையில கொண்டு போய்க் குடுக்கணுமா? அவங்க வக்கீல் சும்மா இருப்பானா?" என்றாள்.

"அவன் எனக்கு சுகர்ன்னு சொன்னான்டி" என்றார் அப்பா. அம்மா நகர்ந்துகொண்டாள்.

நானும் கூடப் போனேன். அங்கிள் தாடி வளர்த்திருக்கிறார். அப்பாவைப் பார்த்ததும் முதலில் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். "என்ன சார், சாட்சி இங்கெல்லாம் வரலாமா?" என்று சிரித்தார். அப்பாவால் சிரிக்க முடியவில்லை. தாளை எடுத்து நீட்டினார். அங்கிளுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஸ்னேஹாவிடம் கொடுத்தார்.

வகுப்பில் பாடம் படிப்பதைப் போல அவள் உரக்கப் படித்தாள். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரைப் படித்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேலே படித்தாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் அவள் அப்பாவுக்குச் சொன்னாள். ஆறு கம்ப்யூட்டர், அப்பாவின் வருத்தம், எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்ற என் வேண்டுகோள், எல்லாவற்றையும். கடைசி வரி, 'இவற்றையெல்லாம் எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர்' என்று பாதியில் நிற்கிறது. உங்களுக்குத் தெரியுமே. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"அடுத்த பக்கம் எங்க சிந்து?" என்று கேட்டாள்.

அது போலீஸ் கோப்பில் இருக்கிறது. ஆனால் நான்கு தடவை எழுதியதால் எனக்கு மனப்பாடம். எழுந்து நின்று சொன்னேன். அங்கிள் பெயர், கடை இருக்கும் இடம், பிஸ்கட் டின், அவரைப் போலக் கெட்டிக்காரர் இந்தப் பகுதியிலேயே இல்லை என்பது, ஏஜென்சி. கடைசியில் என் பெயர். அந்தத் துண்டையும் மேசைமேல் வைத்தேன்.

ஸ்னேஹாவின் அம்மா உள்ளே மிக்ஸியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார். அங்கிள் அந்தத் தாளையும் துண்டையும் சேர்த்து மடித்தார். அப்பா செய்ததைப் போலவே நான்காக மடித்தார். பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அதைக் கோபமாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சாப்பிட்டாயிற்று என்று அப்பா பொய் சொன்னார். நாங்கள் வந்துவிட்டோம்.

அங்கிள் அதைத் திருப்பித் தரவில்லை. அப்பா கேட்கவும் இல்லை.

முதல் தாள் எப்படித் திரும்பி வந்தது என்று அங்கிளும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்டால், அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன். அதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா சென்டர் ஷட்டரை முழுவதும் தூக்கிவைத்துவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறார். எந்த மெஷினையும் போடவில்லை. வாசலில் இரண்டு ஆட்டோ நின்றுவிட்டுப் போயின. அப்பா எழுந்திருக்கவில்லை. நான்தான் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பெயரோடும் விலாசத்தோடும்,
உங்கள் தங்கை
சிந்து